பழைய சூப்பர்ஹீரோவுக்குப் புது வாரிசு: தேன்கனிக்கோட்டைப் பெண்ணை வைத்து ஒரு செய்முறை

வாரிசை வரைய உட்காரும் முன் யாருடைய வாரிசு என்பதை முடிவு செய்ய வேண்டும். ஸ்பைடர்மேனுக்கோ சூப்பர்மேனுக்கோ தருமபுரியில் ஒரு வாரிசு வரைந்து பழகலாம். அச்சடித்து விற்க முடியாது. இந்தியச் சட்டப்படி, ஒருவர் தன் பெயரில் வெளியிட்ட படைப்பின் பதிப்புரிமை அவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டும் நீடிக்கும். நாயகனின் பெயரும் சின்னமும் டிரேட்மார்க்காகவும் பதிவாகியிருக்கும். அதைப் பத்து பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆகவே பழைய நாயகனையும் நீங்களே படையுங்கள். 1970களில் வந்ததாக ஒரு காமிக்ஸைக் கற்பனை செய்து, அதற்கு நான்கு அட்டைப்படம் மட்டும் வரைந்து வைத்துக்கொண்டால் போதும். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய காலத்து அச்சு வாசனை அதில் இருந்தால், வாசகர் அந்த நாயகனைச் சின்ன வயதில் படித்ததாகவே நம்பிவிடுவார்.

இங்கே மாதிரிக்கு எடுத்துக்கொள்வது கருங்கல் காவலன். சென்னைத் துறைமுகத்தில் கடத்தல்காரர்களைப் பிடித்தவர், முறுக்கு மீசைக்காரர், நினைத்தால் உடம்பு கருங்கல்லாகும். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். வாரிசு மாதம்மா, வயது 17, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேழ்வரகு விவசாயி மகள். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ்.

பெயர் எப்படிக் கைமாறுகிறது

அமெரிக்க காமிக்ஸில் இதற்கு நாலைந்து வழி உண்டு. 1985இல் மின்னல் வேக நாயகன் ஃபிளாஷான பாரி ஆலன் இறந்ததும் அந்தப் பட்டத்தை ஏற்ற வாலி வெஸ்ட், அதற்கு முன் ஏறத்தாழ 25 ஆண்டு கிட் ஃபிளாஷ் என்ற பெயரில் அவருடைய இளம் துணைவனாக இருந்தவர். வாசகருக்கு அவர் வீட்டுப் பிள்ளை. மைல்ஸ் மொராலெஸ் 2011இல் புது ஸ்பைடர்மேனாக வந்தபோது அப்படி எந்த முன்பழக்கமும் இல்லை. அந்தக் கதை உலகத்தின் பழைய ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தான். அந்தத் துக்கத்தின் மேலேயே கறுப்பின, லத்தீன் வம்சாவளிப் பையனின் கதை எழும்பியது. கமலா கான் வந்த வழி இன்னும் எளிது. 2012இல், மிஸ் மார்வெலாக இருந்த கரோல் டான்வர்ஸ் கேப்டன் மார்வெல் ஆனதால் மிஸ் மார்வெல் என்ற பெயர் சும்மா கிடந்தது. 2014இல் ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமி அதை எடுத்துக்கொண்டாள். யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதும் கிடைத்தது. ராணி காமிக்ஸில் மாயாவி என்று நாம் படித்த ஃபேண்டம் வேறு ரகம்: அப்பனுக்குப் பின் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்வதால் காட்டில் அவருக்குச் சாவே இல்லை என்று நம்புகிறார்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் சாவைத்தான் முதலில் தொடுவார்கள். கண்ணீர் சுலபமாக வரும், அதனால்தான். பிறகு விற்பனைக்காகவோ ஆசைக்காகவோ பழையவரைத் திருப்பிக் கொண்டுவந்தால், வாரிசு இடைக்கால ஏற்பாடாகிப் போவார். பாரி ஆலனே 2008இல் திரும்பி வந்துவிட்டார். பழையவரை உயிரோடு விட்டு, அவரால் இனிமேல் முடியாத ஒரு காரியத்தைக் கண்டுபிடியுங்கள். காவலனுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. கல்லாக மாறினால் அந்த எடையைக் கால் தாங்காது.

சக்திக்குக் கணக்குப் போடுங்கள்

பலர் தாண்டிப் போகிற இடம் இது. கதையோ இங்கிருந்துதான் பிறக்கிறது. மனித உடம்பின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீர் அளவு. 45 கிலோ பெண்ணின் உடம்பு சுமார் 45 லிட்டர். கிரானைட் தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். உருவம் மாறாமல் கல்லானால் மாதம்மா ஏறத்தாழ 120 கிலோ. காவலன் மாறுகிற கறுப்புக் கல் இன்னும் அடர்த்தி, சுமார் 3 மடங்கு. 80 கிலோ காவலன் 240 கிலோவாக நிற்பார்.

இப்போது கேளுங்கள்: 120 கிலோவை எது தாங்கும், எது தாங்காது? சிமென்ட் ஷீட் கூரை உடையும். யானைக்காவலுக்குக் கட்டிய மரத்துப் பரண் முறியும். ஒகேனக்கல் பரிசலில் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது மாறினால் பரிசல் கவிழும். தென்பெண்ணையில் நீந்த முடியாது, அடியில் நடக்கலாம். நடந்தால் மூச்சு? கல்லாக இருக்கும்போது மூச்சு தேவையில்லை, ஆனால் முந்நூறு எண்ணுவதற்குள் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவாள் என்று விதி வைத்தால், ஆற்றுக் காட்சிக்குத் தானாகவே பதற்றம் வந்துவிடுகிறது. சக்திக்கு மூன்று விதி போதும், ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். நான்காவது விதி தேவைப்படுகிறதென்றால் கதையில் எங்கோ ஓட்டையை அடைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பலவீனத்தையும் ஊரிலிருந்தே எடுக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரியில் வேலை செய்தவருக்குக் கல்லின் ஓட்டம் தெரியும்: எந்தக் கோட்டில் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கினால் பாறை நேராகப் பிளக்கும் என்று. காவலனின் எதிரிகள் துப்பாக்கியால் சுட்டார்கள், குண்டு சிதறியது. மாதம்மாவின் எதிரி சுடவே மாட்டான். அவள் தோள்பட்டையைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்பான். எதிரியைப் பழைய கதையிலிருந்து இரவல் வாங்குவதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஆள் மாறினால் காட்சியும் மாற வேண்டும்

வாரிசு பெண், வேறு மொழிக்காரர், வேறு சாதி, கிராமத்துக்காரர் என்பதெல்லாம் அறிமுகப் பக்கத்துத் தகவலாக மட்டும் நின்றால் அது வேஷம்தான். சோதிக்க ஒரு வழி: பழைய நாயகனின் ஒரு காட்சியை எடுத்து அவர் இடத்தில் புதியவரை நிறுத்துங்கள். முடிவு அதேதான் என்றால் திரும்ப எழுதுங்கள்.

கேழ்வரகு அறுவடை சமயத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் இறங்கும். காவலன் இருந்தால் யானையைத் தடுத்துத் தள்ளுவார், 1970கள் பாணியில் ஒரு குத்தும் விடுவார். மாதம்மா பரண்மேல் வளர்ந்தவள். யானை பாறையோடு மல்லுக்கட்டாது, சுற்றிக்கொண்டு போகும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வழியின் நடுவே போய்க் கல்லாக நிற்கிறாள். கூட்டம் ஒதுங்கி வேறு திசையில் போகிறது. ஒரு அடிகூட விழவில்லை. ஆனால் 17 வயதுப் பெண் இருட்டில் யானைக் கால்களுக்கு நடுவே அசையாமல் நிற்பதை நான்கு கட்டம் காட்டினால் வாசகருக்கு வியர்க்கும்.

இருளர், மலையாளிப் பழங்குடியினர் போன்றோரிலிருந்து நாயகரை எடுப்பதானால் அதிகக் கவனம் வேண்டும். இருளர் என்றதும் பாம்பைக் கையில் கொடுப்பது சோம்பேறித்தனம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேராவது, பென்சில் நிலையிலேயே பக்கங்களைப் படிக்க வேண்டும். மை போட்ட பிறகு எவரும் மாற்ற மாட்டார்கள். சாதியை எழுதாமல் விட்டால் பொதுவாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பெயர், குலசாமி, வீடு இருக்கும் தெரு என மூன்றை வைத்தே நம் ஊர் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தே முடிவெடுங்கள்.

சின்ன உடல் விவரம் ஒன்று, பெரிய வசனத்தைவிட வேலை செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருமுன் ஆழ்துளைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பல்லில் பழுப்புக் கறை நிற்கும். மாதம்மாவின் அக்கா சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற ஒரே ஒரு நெருக்கக் காட்சி வையுங்கள். எதையும் விளக்காதீர்கள். ஏழாம் பக்கத்தில் முதல்முறையாகக் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஆறு இதழுக்கு ஆறு துறை

இந்த மண்ணில் வாரிசுக் கதைக்கு அமெரிக்க அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மகன் பொகுட்டெழினி இருந்தான். போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு துறையாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது. அப்படியே ஆறு இதழ்.

காட்சியில் காவலன் அவளைக் கண்டுபிடிக்கிறார். கால்கோளில் அவள் முதல்முறை மாறுகிறாள், பரண் முறிகிறது. நீர்ப்படையில் ஆற்றடி நடை. நடுதல்தான் யானைக் காட்சி. பெரும்படையில் ஊர் அவளுக்குப் பெயர் வைக்கிறது. ஊர் வைக்கட்டும், நீங்கள் வைக்காதீர்கள். வாழ்த்தலில் காவலன் பட்டத்தைக் கொடுக்கிறார். ஆறில் இரண்டு இதழுக்கு மேல் அவர் முகம் தெரியக்கூடாது. கிழவர் அடிக்கடி வந்தால் வாசகர் கண் அவர்மேலேயே நிற்கும். அவரைக் கோமாளியாக்கி இவளை உயர்த்துவது அதைவிட மோசம், பழைய வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

நடுகல் எழுத்தைப் பார்த்துச் சுருக்கமும் கற்கலாம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யார், எதற்காக, பட்டான் கல். உங்கள் நாயகியின் பூர்வகதையையும் இந்த அளவில் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். முடியவில்லையென்றால் கதை இன்னும் கையில் சிக்கவில்லை.

கால்கோள் இதழில் பரண் முறிந்த பிறகு வரும் பக்கம், மாதிரிக்கு:

கட்டம் 1, அகலம்: விடியல். முறிந்த பரண். கீழே மண்ணில் ஆள் அளவுக் குழி.
கட்டம் 2: மாதம்மா, தலையில் வைக்கோல். "பரண் ஒடைஞ்சி போச்சு தாத்தா."
கட்டம் 3: காவலன், முகம் தெரியாமல், கையில் ஊன்றுகோல். "ஒடையத்தான் செய்யும் கண்ணு. நான் எத்தன கட்டில ஒடைச்சிருக்கேன் தெரியுமா?"
கட்டம் 4, சிறியது: அவர் கை, குழியின் விளிம்பை அளக்கிறது. வசனம் இல்லை.
கட்டம் 5: "எனக்கு மொத தடவ இதுல பாதி ஆழம்கூட இல்ல, அதுக்கே பயந்துட்டேன். நீ அழுவவே இல்லியே."

உடையும் கோடும்

பழையதிலிருந்து ஒரு வடிவம், ஒரு நிலை, இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூத்தில் கிரீடத்தைப் பார்த்தே அர்ஜுனன் என்று தெரிந்துகொள்வோம், யார் கட்டியிருந்தாலும். மாதம்மாவுக்கு வடிவம்: மேல்பக்கம் வளைந்த பலகைக் கல், நெஞ்சில். நிலை: ஒரு கால் முன்வைத்து நிற்பது. நிறத்தை மாற்றுங்கள். காவலன் முழுக் கறுப்பு. இவள் மாறும்போது கிருஷ்ணகிரிக் கல்லைப்போல் இளஞ்சிவப்பும் சாம்பலும் அலையலையாக ஓடட்டும். இருவரையும் 3 செ.மீ. உயரத்தில் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். யார் எவர் என்று தெரியவில்லையென்றால் உடை தேறவில்லை.

அந்த அலைக்கோடு உடம்பின் வளைவோடு போக வேண்டும், நேர்க்கோடாகப் போனால் வரிக்குதிரை ஆகிவிடும். A4இல் வரைந்து A5ஆகக் குறைத்தால் கோடு 71 விழுக்காடாக மெலியும், 0.3 மி.மீ. பேனாவுக்குக் கீழே போனால் சாதாரணத் தாளில் பாதி காணாமல் போகும்.

எழுத்தும் அச்சும்

ஆங்கில காமிக்ஸ் பலூன் குறுகலானது. அதில் "காப்பாற்றிக்கொண்டிருந்தேன்" நுழையாது. பலூனை அகலமாகவும் உயரம் குறைவாகவும் போடுங்கள், ஒரு பலூனில் 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். வட்டாரப் பேச்சு இங்கே கைகொடுக்கும்: "காப்பாத்தினு இருந்தேன்" இரண்டு சொல்லாக உடைந்து இரண்டு வரியில் உட்காரும். வீட்டுக் கன்னட வசனத்தைத் தமிழிலேயே, நல்ல தமிழிலேயே, வேறு நிறப் பலூனில் எழுதுங்கள். கொச்சையாக்கினால் ஓசூர் வாசகர் மன்னிக்க மாட்டார்.

ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் எழுத்துரு கெட்டுப்போனதாக நினைத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி தேர்வைப் போடுங்கள், சேர்ந்துகொள்ளும். எழுத்துக்கு 100 விழுக்காடு கறுப்பு மை மட்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் அச்சு அரை மி.மீ. நகர்ந்தாலும் ஓரம் மங்கும்.

நடு மடிப்பில் பின் (ஸ்டேப்பிள்) அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். A5இல் 24 பக்கம் என்றால் A4 தாள் ஆறு. கோட்டோவியத்தை 600 டிபிஐ, வண்ணத்தை 300 டிபிஐ, நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டு இடம் விட்டு அனுப்புங்கள். கதை 22 பக்கத்தில் முடிந்துவிட்டால் மிச்சம் இரண்டில் கருங்கல் காவலனின் பழைய அட்டைப்படம் இரண்டைப் போடுங்கள், மூலை மடங்கி, விலை 90 பைசா என்று ஓரத்தில் அச்சாகி.