முள்ளங்கி இலையாய்ப் போனால்

மட்டக்களப்புக் கல்லடி மணல் வளவில் முள்ளங்கி போட்டால் இலை கொழுத்துவிடும், இழுத்துப் பார்த்தால் கிழங்கு எலிவால்தான். நெருக்கமும் யூரியாவும் சேர்ந்து செய்கிற வேலை அது. யூரியாவை விட்டேன், நன்றாக உக்கின மாட்டெரு மட்டும். பச்சை எருவில் கிழங்கு கவடுவிடும். பாத்தியை ஆழமாகக் கொத்தி, தென்னை வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எறிந்தேன். நாற்றுப் போட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் கெடும் என்பதால் விதையை நேரே பாத்தியில், ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றினேன்.

முக்கியம் களைப்பிடுங்கல் அல்ல, கன்றுபிடுங்கல். இலை இரண்டு மூன்று வந்ததும் 7 சென்ரிமீற்றருக்கு ஒன்று நிற்க, மற்றதெல்லாம் வெளியே. மனம் வராதுதான், ஆனால் பிடுங்கின இளங்கன்றுகளைத் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினால் கவலை தீரும். மணலில் ஈரம் நிற்காது, காலையும் மாலையும் தண்ணி. காயவிட்டு ஒரேயடியாய் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். மாரி மழை ஓய்ந்த பிறகு, தையில் போட்டதுதான் திரண்டு வந்தது.