பந்தியில் பரிமாறத் தெரிந்த பிள்ளைக்கு உடல்மொழி கற்பித்தல்

செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாற நிற்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு உடல்மொழி என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இலைக்கு மேலே உள்ளங்கையைக் குறுக்கே நீட்டி, உடம்பையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்பவர் உண்மையாகவே போதும் என்கிறார் என்பதும், வாயால் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே கண்ணைக் கரண்டியின் மீது வைத்திருப்பவருக்கு இன்னும் அரைக் கரண்டி கவுனி அரிசி இனிப்பு வைக்கலாம் என்பதும் அவனுக்கு நன்றாகவே தெரியும். காரைக்குடி வட்டாரத்தில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பேச்சுத்திறன் வகுப்பு எடுக்க முன்வரும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் நினைவூட்டுவது இதைத்தான். பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவரும் இந்த அறிவை வேறோர் இடத்தில் புழங்கப் பழக்குவதுதான் நம் வேலை.

இதை நான் ஒரு தவறு செய்தே கற்றேன். முதல் வருடம், மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டி, தரையைப் பார்த்தபடி பதில் சொன்ன மாணவனை வகுப்பின் நடுவில் நிறுத்தி, கையைப் பிரித்து என் கண்ணைப் பார்த்துப் பேசு என்றேன். நேர்காணல் வழிகாட்டி நூல்கள் பலவும் கட்டிய கையைத் தற்காப்பு என்றும், தாழ்ந்த பார்வையைத் தன்னம்பிக்கைக் குறைவு என்றும் எழுதுகின்றன. அதை அப்படியே ஒப்பித்தேன். மறுநாள் அவன் வந்து, "வீட்டுல ஐயாகிட்ட அப்படிப் பேசினேன் சார், என்னடா முறைக்கிறேன்னு திட்டிட்டாங்க" என்றான். முதல் வகுப்பிலிருந்து கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று சொல்லி வளர்த்தவர்களும் ஆசிரியர்களாகிய நாமே அல்லவா! அன்றுமுதல் கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் வீடும் ஊரும், மறுபக்கம் நேர்காணலும் அலுவலகமும் என்று எழுதி, உடம்பின் ஒரே நிலைக்கு இரு இடங்களிலும் என்ன பொருள் என்று மாணவர்களையே நிரப்பச் சொல்கிறேன். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பு பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும் இருமுறை வருவதை இந்த இடத்தில் எடுத்துக்காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். அவையில் முகம் பார்த்து அறிவது ஒன்று, காதலர் கண் பார்த்து அறிவது வேறொன்று.

மொத்தம் ஆறு பாடவேளைகள் போதும். முதல் பாடவேளையில் யாரையும் பேசவைக்காதீர்கள். பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ, பேச்சு காதில் விழாத தூரத்தில் நின்று, இருவர் உரையாடுவதைச் சில நிமிடங்கள் கவனித்து, நோட்டில் பார்த்தது ஒரு பக்கமும் ஊகித்தது மறுபக்கமுமாக எழுதி வரச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் பிரிக்கக் கற்பதற்கே பாதி உழைப்பு போகும். தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் கவனித்த ஒரு மாணவி, நடத்துநர் ஒரு பாட்டியிடம் கோபமாகப் பேசினார் என்பதைப் பார்த்தது என்ற பக்கத்தில் எழுதியிருந்தாள். கோபத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். பையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார், கட்டைவிரலால் பயணச்சீட்டுக் கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார், பாட்டியைப் பார்க்காமல் படிக்கட்டையே பார்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, அது அவசரமாகவும் இருக்கலாம் சார் என்று தானே திருத்திக்கொண்டாள். தனி அசைவு ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது, சேர்ந்து வரும் அசைவுகளையும் சூழலையும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பாடவேளை பார்வைக்கு உரியது. ஐந்து மாணவர்கள் கையைத் தூக்கியபடி வெவ்வேறு மூலைகளில் நிற்கட்டும். பேசுபவர் ஒருவரைப் பார்த்து ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்தால் மட்டுமே அவர் கையை இறக்க வேண்டும். பாதியில் பார்வை நழுவினால் கை இறங்காது. கண்ணை நேராகப் பார்க்கக் கூச்சப்படுபவர்கள் புருவ மத்தியைப் பார்க்கலாம். எதிரில் இருப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இடைவெளிக்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் அமெரிக்கர்களைக் கவனித்து எழுதியபடி, பழகியவர்களுக்கிடையே சுமார் 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரையிலும், அலுவல் பேச்சுக்கு அதற்கு மேலும் இடைவெளி விடப்படுகிறது. நம் பிள்ளைகள் வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல்லை எண்ணி, அப்பாவுக்கும் தமக்கும் எத்தனை கல், வந்த விருந்தாளிக்கும் தமக்கும் எத்தனை கல் என்று குறித்து வரட்டும்.

குரலுக்கு வந்தால் ஒரு விந்தையைக் காண்பீர்கள். வீட்டு முகப்பில் நின்றபடி உள்ளே இரண்டாங்கட்டில் இருக்கும் ஆச்சியைக் கூப்பிட்டு வரவழைக்கும் பிள்ளை, வகுப்பில் எழுந்ததும் மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்காமல் பேசுகிறது. கத்து என்று சொல்வதால் பயனில்லை. கத்தினால் தொண்டை இறுகிச் சொல் சிதையும். கடைசி வரிசையில் ஒரு நண்பனை உட்காரவைத்து, அவனை அழைப்பதாக எண்ணி முதல் சொல்லைத் தொடங்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேசுவதைக் கைபேசியில் பதிந்து, முதலில் ஒலியில்லாமல் படத்தையும், அடுத்துப் படமில்லாமல் ஒலியையும் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். தாவணி நுனியைச் சுருட்டும் விரலும், ஒற்றைக் காலில் மாறி மாறிச் சாய்வதும், வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் "வந்து" என்ற சொல்லும் ஆசிரியர் சொல்லாமலே பிடிபட்டுவிடும். பதிவை உடையவருக்கு மட்டும் காட்டி, அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள்; இது தவறவே கூடாத விதி. நிற்கும் நிலையைத் திருத்தும்போது மாணவரைத் தொடவும் வேண்டாம், உங்கள் உடம்பிலேயே செய்து காட்டுங்கள்.

கேட்பதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். பெரும்பாலான பயிற்சிகளில் விடுபடுவது இதுதான். இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, முன்னவர் ஆமாம் என்ற பிறகே தம் கருத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தலையாட்டலைப் பற்றியும் இங்கே பேசிவிடுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆட்டுவது நமக்குச் சரி என்று பொருள்படும், வெளிநாட்டு நிறுவனத்தார் அதை மறுப்பென்று எண்ணக்கூடும். அதனால் காணொளி நேர்காணலில் தலையை ஆட்டுவதோடு ஆம் என்று வாயாலும் சொல்லப் பழக்குங்கள்.

செய்தியில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடலுக்கு 55 என்ற கணக்கைத் தயவுசெய்து வகுப்பில் சொல்லாதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி உணர்கிறார் என்பதை மட்டுமே, அதுவும் தனிச்சொற்களையும் முகப்படங்களையும் வைத்துச் சோதித்தவை. அந்தக் கணக்கு எல்லாப் பேச்சுக்கும் பொருந்துமென்றால், தொலைக்காட்சிச் செய்தியை ஒலியில்லாமல் பார்த்தே பாதிக்கு மேல் புரிந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் அப்படிப் போட்டுக் காட்டி, என்ன செய்தி என்று கேளுங்கள். வகுப்பு சிரித்து ஓயச் சற்று நேரமாகும். கால் மேல் கால் போட்டால் பொய், மூக்கைத் தொட்டால் பொய் என்பன போன்ற சூத்திரங்களும் அதே ரகம்தான்.

ஆறாவது பாடவேளைக்கு முன், ஒரே செய்தியை வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும், நேர்காணல் செய்பவராக நடிக்கும் வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரிடமும் சொல்லிவிட்டு, இரண்டு இடத்திலும் உடம்பு என்ன செய்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்தக் குறிப்புக்கே போடுங்கள். போன ஆண்டு ஒருவன், "ஐயாவிடம் கையைக் கட்டினேன், நேர்காணலில் கையை மடியில் வைத்தேன், இரண்டு இடத்திலும் கை நடுங்கியது" என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, அவனுக்கு மட்டும் பள்ளி விட்டபின் இன்னும் இரண்டு நாள் ஒதுக்கினேன்.