அம்மாவின் முழங்காலுக்குள் இருப்பது என்ன? அறுவை சிகிச்சைக்கு முன் கேட்டு வைக்க வேண்டியவை

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவின் வலது முழங்கால் மூட்டை மாற்றிச் செயற்கை மூட்டு வைத்தோம். சென்ற ஆண்டு அதே காலில் வலி திரும்பியது. புதிய மருத்துவர் முதலில் கேட்டது இதுதான்: "உள்ளே இருப்பது எந்த மூட்டு? சிமெண்ட் வைத்ததா?" எங்களுக்குத் தெரியவில்லை. பழைய குறிப்பு கைக்கு வர ஆறு வாரமாயிற்று. அதுவரை அம்மா எங்கள் ஈசூன் வீட்டில் சுவரைப் பிடித்தபடிதான் நடந்தார். இன்னொரு குடும்பத்துக்கு இந்த நிலை வரக்கூடாது.

ஆகவே முதல் சந்திப்பிலேயே, "மூட்டை எலும்போடு எப்படிப் பிடிக்க வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு வழி எலும்பு சிமெண்ட். பெயர்தான் சிமெண்ட், உண்மையில் ஒருவகை பிளாஸ்டிக். அது பசையும் அன்று. தூளையும் திரவத்தையும் குழைத்து வைத்தால் எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து, கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். இங்கிலாந்தின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஜான் சார்ன்லி 1960களில் இடுப்பு மூட்டுக்கு இதைப் பயன்படுத்திப் பரவலாக்கினார். மற்றொரு வழியில் சிமெண்ட் கிடையாது. சொரசொரப்பான, துளைகள் கொண்ட உலோகத்தை இறுக்கமாகப் பொருத்துவார்கள். சில வாரங்கள், மாதங்களில் எலும்பே அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளும்.

முழங்காலுக்குப் பெரும்பாலும் சிமெண்ட்தான். இடுப்புக்கு வயதையும் எலும்பின் வலுவையும் பார்க்க வேண்டும். மெலிந்த தொடை எலும்பில், செயற்கை மூட்டின் உலோகத் தண்டைச் சிமெண்ட் இல்லாமல் தட்டி இறக்கினால் முறிவு ஏற்படும் ஆபத்து கூடுதல். அதனால் "புதிய வகை" என்று சொன்னவுடன் தலையாட்டாதீர்கள். "இந்த மாதிரிக்கு எத்தனை ஆண்டுப் பதிவு இருக்கிறது?" என்று கேளுங்கள். சுவீடன் 1975 முதல் முழங்கால் மாற்றங்களைப் பதிந்து வருகிறது. தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்பின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் 100க்கு சுமார் 82, இடுப்பு மாற்றங்களில் சுமார் 58, 25 ஆண்டுகள் தாங்குகின்றன.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனை நாள்களைத் தவறவிடாதீர்கள். ஆய்வாளர்கள் எலும்பில் கடுகைவிடச் சிறிய டான்டலம் என்ற உலோக மணிகளைப் பதித்து, மூட்டு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு நகர்ந்தாலும் எக்ஸ்ரேயில் அளந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் நகர்ந்துகொண்டே இருக்கும் மூட்டுதான் பின்னாளில் தளர வாய்ப்பு அதிகம் என்பது அப்படித் தெரிந்ததே. உட்கார்ந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது வலித்தால் குறித்து வையுங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அம்மாவின் எக்ஸ்ரேயில், சிமெண்ட்டுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. மூட்டு தளர்ந்திருந்தது.

மூட்டு வரும் பெட்டியில் தயாரிப்பாளர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். வீடு திரும்புமுன் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மார்ச்சில் அம்மாவுக்கு மறு அறுவை சிகிச்சை முடிந்தது. அந்த நகல் இப்போது அவருடைய பணப்பையில் ஒன்று, தம்பியிடம் ஒன்று, சாமி அறை இழுப்பறையில் ஒன்று.