50 மீட்டர் ரைஃபிள்: ப்ரோனிலும் பெஞ்சிலும் துப்பாக்கியைப் பிடிக்கும் முறை

50 மீட்டர் ரைஃபிள் இலக்கு அட்டையில் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர், நகர்ந்தால் போதும், குண்டு 7 மில்லிமீட்டர் தள்ளி விழும். நடுப் பத்தாக வந்திருக்கவேண்டியது வளையத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு நிற்கும். கைத்தசையின் பலத்தால் இந்த அளவுக்கு அசையாமல் வைப்பது நடக்காத காரியம். இறுக்க இறுக்கத் தசை துடிக்கத்தான் செய்யும். அதனால் துப்பாக்கியின் எடை ப்ரோனில் (குப்புறப் படுத்துச் சுடும் நிலை) எலும்பின் மேலும் ஸ்லிங்கிலும் (மேற்கையைத் துப்பாக்கியோடு இணைக்கும் வார்), பெஞ்சில் (மேசையில் வைத்துச் சுடும் நிலை) மணல் பையின் மேலும் இறங்கவேண்டும்.

கீழே சொல்லியிருப்பதெல்லாம் வலது கைக்காரருக்கும் .22 ரைஃபிளுக்கும். இடது கைக்காரர் மாற்றிக்கொள்ளலாம். பழகும்போது சுட்டு முடித்த காலி கேஸ் ஒன்றை சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) போட்டு டிரை ஃபயர் (குண்டில்லாமல் ட்ரிகரை இழுப்பது) செய்யுங்கள். வெறும் சேம்பரில் அடித்தால் சில .22 ரைஃபிள்களில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் மோதி அதை நசுக்கிவிடும். டிரை ஃபயர்தானே என்று குழலை இலக்கைவிட்டு வேறு பக்கம் திருப்பக்கூடாது.

ப்ரோன்: முதலில் உடம்பு

இலக்குக் கோட்டுக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வாக, கால்கள் இடப்பக்கம் போகும்படி படுங்கள். இடது கால் முதுகெலும்பின் நேர்கோட்டிலேயே நீளட்டும். வலது முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் மேலே இழுத்துக்கொண்டால் வயிற்றின் வலப்பக்கம் பாயைவிட்டு லேசாக எழும். மூச்சு தாராளமாக வரும், வயிற்றில் அடிக்கும் நாடி துப்பாக்கிக்கு ஏறாது. இரண்டு காலையும் அகட்டிக் குதிகாலைத் தரையில் ஒட்டவைக்கும் பழைய ராணுவ முறையிலும் சுடலாம். ஆனால் 60 குண்டு சுட்டு முடிப்பதற்குள் வயிறு தன் வேலையைக் காட்டிவிடும்.

இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே வரவேண்டியதில்லை. சற்று இடப்பக்கம் விலகி இருக்கட்டும். முன்கை தரையோடு குறைந்தது 30 டிகிரி கோணத்தில் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. துப்பாக்கி தாழ்வாக இருந்தால் நல்லது என்று கையை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வலது முழங்கையை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கீழே வையுங்கள். அதில் எடை அதிகம் ஏறக்கூடாது.

ஸ்லிங்

ஸ்லிங் மேற்கையில் உயரமாக, ஜாக்கெட்டின் கொக்கிக்குள் நழுவாமல் நிற்கவேண்டும். மேற்கையின் உட்பக்கமாக ரத்தக்குழாய் ஓடுகிறது. ஸ்லிங் இழுக்கும் இடம் வெளிப்பக்கமாக இருந்தால் நாடித் துடிப்பு குழலுக்குப் போகாது. முன் சைட் ஒரே தாளத்தில் துள்ளினால் முதலில் இதைப் பாருங்கள். அரை அங்குலம் சுற்றித் திருப்பினாலே துள்ளல் நின்றுவிடுவது உண்டு.

இடது கை ஹேண்ட் ஸ்டாப்பில் (துப்பாக்கிக் கட்டையின், அதாவது குழலைத் தாங்கும் உடலின், அடியில் கையைத் தடுத்து நிறுத்தும் முட்டு) முட்டி நிற்கும். கட்டையின் அடிப்பாகம் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவையில் உட்கார்ந்து, எடை பெருவிரலின் அடிமேட்டில் இறங்கும். விரல்கள் சும்மா தொங்கட்டும். கையுறைக்குள் அவை மடங்கிக் கட்டையைப் பற்றுகின்றனவா என்று பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுகிறவருக்குத் தான் பற்றுவது தெரியவே தெரியாது.

ஸ்லிங்கின் நீளத்துக்கு ஒரு சோதனை: வலது கையை முழுக்க எடுத்துவிடுங்கள். பட் (கட்டையின் தோளில் பதியும் பின்முனை) தோளிலேயே ஒட்டியிருந்து, முன் சைட் இலக்கின் கறுப்பைவிட்டு வெளியேறாமல் நின்றால் நீளம் சரி. பட் நழுவினால் ஓர் ஓட்டை இறுக்குங்கள். கால் மணி நேரத்தில் விரல் மரத்துப்போனால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள்.

பட், கன்னம்

பட் பகுதியை வலது கையால் தூக்கித் தோளில், கழுத்தை ஒட்டினாற்போல் வையுங்கள். தோளை முன்னே தள்ளிப் பட்டைத் தேடக்கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் அதே உயரத்தில் உட்காரவேண்டும். ஜாக்கெட்டின் தையல் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். கன்னத்தை நேராகக் கீழே இறக்குங்கள், பக்கவாட்டில் அழுத்தவேண்டாம். தலையின் எடை முழுதும் சீக் பீஸில் (கட்டையில் கன்னம் பதியும் பகுதி) இருக்கட்டும். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துவிட்டுத் திறந்தால், முன் சைட் வளையம் பின் சைட் துளையின் நடுவில் இருக்கவேண்டும். இல்லையென்றால் தலையைத் திருகாமல், சீக் பீஸின் உயரத்தை மாற்றுங்கள்.

தானாக நோக்கும் இடம்

மேலே சொன்னதெல்லாம் சரியாக அமைந்தால் துப்பாக்கி தன் போக்கில் ஓரிடத்தைப் பார்க்கும். அந்த இடம் பத்தாக இருக்கவேண்டும். கண்ணை மூடி இரண்டு முறை மூச்சுவிட்டு, உடம்பை முழுக்கத் தளர்த்தித் திறந்து பாருங்கள். முன் சைட் வலப்பக்கம் எட்டில் நிற்கிறதா? கையால் தள்ளிப் பத்துக்குக் கொண்டுவந்து சுடலாம் என்று தோன்றும். ட்ரிகர் விழும் நேரத்தில் தள்ளும் தசை ஒரு கணம் தளரும், குண்டு எட்டை நோக்கியே போகும்.

திருத்தவேண்டியது உடம்பை. இடது முழங்கை அசையக்கூடாது, அதுதான் அச்சாணி. துப்பாக்கி வலப்பக்கம் பார்த்தால் இடுப்பை வலப்பக்கம் நகர்த்துங்கள், குழல் இடப்பக்கம் வரும். நகர்த்துவது சென்டிமீட்டர் கணக்கில்தான். மேலே பார்த்தால் ஹேண்ட் ஸ்டாப்பை ஒரு கோடு முன்னே தள்ளுங்கள். கீழே பார்த்தால் பின்னே இழுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மறுபடி கண்ணை மூடித் திறந்து பார்க்கவேண்டும். புதிதாகப் பழகுகிறவர் இதற்கே பத்து நிமிடம் செலவிட்டாலும் தகும்.

மூச்சை இழுக்கும்போது குழல் இறங்கும், விடும்போது ஏறும். இந்த ஏற்ற இறக்கம் கடிகாரத்தின் 12க்கும் 6க்கும் நடுவே செங்குத்தாகப் போகிறதா என்று பாருங்கள். கோணலாகப் போனால் முழங்கையோ ஸ்லிங்கோ ஒரு பக்கம் இழுக்கிறது.

மூச்சை இயல்பாக விட்டு, அடுத்த மூச்சுக்கு முன்வரும் இடைவெளியில் சுடுங்கள். எட்டுப் பத்து நொடிக்குள் ட்ரிகர் விழவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கண் களைத்த பின் கிடைக்கும் பத்து வெறும் அதிர்ஷ்டம். ட்ரிகரை விரல் நுனிச் சதையால் நேர் பின்னாக இழுத்து, அடித்த பின்னும் ஒரு நொடி அப்படியே வைத்திருங்கள். ட்ரிகர் விழுந்து குண்டு குழலைவிட்டுப் போக இன்னும் சில மில்லி நொடி ஆகும்; அதற்குள் அசைந்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். உதைத்த துப்பாக்கி தானாகத் திரும்பிப் பத்துக்கே வந்தால் பிடி நன்று.

துப்பாக்கி தலைப்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பது ப்ரோனில் சகஜம், அதனால் தவறில்லை. சாய்வு மாறுவதுதான் தவறு. .22 குண்டு 50 மீட்டர் போவதற்குள் 12 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. எனவே 5 டிகிரி கூடுதலாகச் சாய்ந்தால், சாய்ந்த பக்கமே ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் தள்ளி விழும். பத்து ஒன்பதாகிவிடும்.

பெஞ்ச்

பெஞ்சில் மணல் பை இருக்கிறதே என்று பிடியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குரூப் (தொடர்ந்து சுட்ட குண்டுகள் அட்டையில் விழுந்த கூட்டம்) சிதறுவது பெரும்பாலும் அதனால்தான்.

முன் பை கெட்டியாக நிரம்பியிருக்கட்டும்; பின் பை கொஞ்சம் இளகி, கையால் அமுக்கினால் வடிவம் மாறும்படி இருக்கட்டும். முன் பை தாங்கவேண்டியது கட்டையின் முன்பகுதியை. குழலைத் தாங்கவே கூடாது. குழலின் அதிர்வு மாறிக் குண்டு விழும் இடமும் மாறிவிடும். கட்டை பையில் உட்காரும் இடத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடம் கிடைக்கும். ஸ்லிங் மாட்டும் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், உதைப்பில் அது பையில் இடிக்கும்.

இடது கையை முன்னே வைக்கவேண்டாம். அது பட்டுக்குக் கீழே வந்து பின் பையைப் பிடிக்கும். பையைப் பிசைந்தால் குழல் இறங்கும், தளர்த்தினால் ஏறும். மேல்கீழ்த் திருத்தம் இதில் மட்டும். இரண்டு பாதமும் தரையில் பதியும்படி நாற்காலி உயரம் அமையவேண்டும், நெஞ்சு மேசையில் இடிக்கக்கூடாது.

பைகளைச் சீரமைக்க ஒரு வழி உண்டு. ஸ்கோப்பில் இலக்கைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியை 2 சென்டிமீட்டர் பின்னே இழுத்து மறுபடி முன்னே தள்ளுங்கள். குறுக்குக் கம்பி இடவலம் அலையக்கூடாது. அலைந்தால் பின் பை முன் பையோடு நேர்கோட்டில் இல்லை. பின் பையைத்தான் நகர்த்தவேண்டும். நேராக்காமல் சுட்டால் உதைப்பு ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் இழுத்துக் குரூப் கிடையாக நீளும்.

.22க்குப் பட் தோளைத் தொட்டால் போதும். பெரிய கேலிபர் (குழல் விட்டம்) துப்பாக்கியில் தோளுக்குள் உறுதியாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அழுத்தமானாலும் முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் கதை வேறு: பிஸ்டன் இரண்டு பக்கமும் உதைப்பதால் இறுக்கிப் பிடித்தால் குரூப் விரியும். பையின் மேல் உள்ளங்கையை விரித்துவைத்து, அதன்மேல் ட்ரிகர் கார்டுக்கு முன்னால் உள்ள கட்டையைச் சும்மா கிடத்திச் சுடுங்கள். பெல்லட் இல்லாமல் அதை அடிக்கக்கூடாது, ஸ்பிரிங் கெட்டுவிடும்.

குரூப் செங்குத்தாக நீண்டால் மூச்சையும் பட்டின் உயரத்தையும் பின் பையையும் பாருங்கள். கிடையாக நீண்டால் காற்றைக் குறைசொல்லும் முன் ட்ரிகர் விரலைப் பாருங்கள்.

பெஞ்சில் சைட் சரிசெய்துவிட்டு அப்படியே ப்ரோனில் படுத்தால் குண்டு வேறிடத்தில் விழுவது வழக்கம். ஸ்லிங் கட்டையைக் கீழேயும் பக்கவாட்டிலும் இழுக்கிறது. ஸ்லிங்கை மாட்டி இறுக்கியபடியே, குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாள் துண்டை நுழைத்து, கட்டையின் நுனியிலிருந்து பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கினால் கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது, அதைச் செதுக்கித்தான் ஆகவேண்டும். சிக்காவிட்டால் துப்பாக்கியில் குறையில்லை; ப்ரோனில் ஐந்து குண்டு சுட்டு சைட்டைத் தனியாகத் திருத்தி, இரண்டு நிலைக்கும் சைட் திருகில் எத்தனை கிளிக் வித்தியாசம் என்று குறித்துவையுங்கள்.