ஒரே சர்வர், பல டொமைன்: மெயில் லாகினில் சறுக்கும் இடங்கள்

பாஸ்வேர்டு தப்பு என்பதெல்லாம் சர்வரின் லாகை (பதிவேட்டை) திறந்தாலே தெரிந்துவிடும். மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் உள்ளதைப் பயனருக்குக் காட்டும் டவ்காட்டும் வைத்து மெயில் அமைக்கும் புதியவர்கள் விழுகிற குழிகள் வேறு.

பாதையில் டொமைனை விட்டுவிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. லாகினுக்கு முழு மெயில் முகவரியைக் கேட்பார்கள், சரி. ஆனால் மெயில் சேரும் ஃபோல்டரின் பாதையில் '@'க்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு டொமைன் இருக்கும்வரை எல்லாம் ஓடும். இரண்டாவது டொமைனிலும் 'இன்ஃபோ' என்று ஒரு முகவரி வந்ததும் இரண்டு பேரின் கடிதங்களும் ஒரே ஃபோல்டரில் விழும்.

ஒருவர் இப்படித்தான் அமைத்திருந்தார். ஒரு வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் இன்னொருவரின் இன்பாக்ஸில் கிடந்தது. "லாகில் எர்ரரே இல்லையே சார்" என்றார். எப்படி இருக்கும்? பாஸ்வேர்டு சரி, லாகின் சரி. எல்லா ஃபோல்டர்களும் ஒரே சிஸ்டம் பயனருக்குச் சொந்தம் என்பதால் அனுமதியும் தடுக்கவில்லை. பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. வந்த மெயில்களை 'டெலிவர்டு-டு' ஹெடரை வைத்துப் பிரிக்கலாம். அனுப்பியவற்றில் அந்த ஹெடர் இருக்காது. 'ஃப்ரம்' பார்த்துப் பிரிக்க வேண்டும். பாப்3-இல் இறக்கிச் சர்வரிலிருந்து அழித்துவிட்ட கடிதங்களை அந்த ஆளிடம்தான் கெஞ்சிக் கேட்க வேண்டும்.

பாதையில் டொமைன், பிறகு பெயர் என்று இரண்டும் இருக்கட்டும். பிறகு, ஒரு முகவரியின் ஃபோல்டர் பாதையைக் காட்டும் 'டவ்அட்ம் யூசர்' கட்டளையை இரண்டு டொமைன்களின் இன்ஃபோ முகவரிகளுக்கும் ஓட்டுங்கள். பாதை ஒன்றாக வந்தால் வாடிக்கையாளரைச் சேர்க்காதீர்கள். டவ்காட் 2.4-இல் பாதையில் டொமைனையும் பெயரையும் குறிக்கும் மாறிகளை எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய கட்டுரையிலிருந்து வரியை அப்படியே ஒட்டாதீர்கள்.

ஒரே டொமைன், இரண்டு பட்டியல்

போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு டொமைனை 'மைடெஸ்டினேஷன்' (சிஸ்டம் பயனர்களுக்கு மெயில் வரும் டொமைன்கள்) அல்லது விர்ச்சுவல் பட்டியல் (சிஸ்டம் கணக்கு இல்லாத முகவரிகளின் டொமைன்கள்), ஏதாவது ஒன்றில் மட்டும் போடுங்கள்.

சிஸ்டம் பயனர் லாகின்

சர்வரின் சொந்தக் கணக்குகளை வைத்து மெயிலில் நுழையும் வழி இது. தேவையில்லையென்றால் மூடுங்கள்.

டொமைனுக்கு ஒரு சர்வர் பெயர்

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் டொமைனிலேயே சர்வர் பெயர் கொடுத்துவிட்டு, சான்றிதழில் அந்தப் பெயர் இல்லை என்று எச்சரிக்கை வருகிறதே என்று புலம்புவார்கள். எல்லாருக்கும் ஒரே ஹோஸ்ட்பெயர் கொடுங்கள். டொமைனின் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளும் அதையே காட்டலாம்.

யார் பெயரில் அனுப்புகிறார்?

லாகின் ஆனவர் பக்கத்து டொமைன்காரர் முகவரியில் அனுப்பினாலும் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகத் தடுக்காது. எந்த முகவரி எந்த லாகினுக்குச் சொந்தம் என்ற அட்டவணையைக் கொடுத்து, பொருந்தாததை மறுக்கும் விதியையும் சேர்க்க வேண்டும். அதுவும் உறை முகவரியை (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரியை) மட்டும்தான் பார்க்கும். கடிதத்துக்குள் இருக்கும் 'ஃப்ரம்' வரியைச் சோதிக்கத் தனி மில்டர் (போஸ்ட்ஃபிக்ஸுடன் சேர்ந்து ஓடும் மெயில் வடிகட்டி) வேண்டும்.