ஜெர்மனியில் முதல் பதினான்கு நாட்கள்: குமரி மாவட்டத்திலிருந்து படிக்க வருபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் வெளிநாடு என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக வளைகுடா என்பதே பொருள். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கங்களில் துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஆகவே ஒரு பிள்ளை ஜெர்மனிக்குப் படிக்கப் புறப்படும்போது முதல் அறிவுரை அவர்களிடமிருந்தே வருகிறது. அது அன்போடு சொல்லப்படுவது. ஆனால் இந்த நாட்டுக்குப் பொருந்தாதது. வளைகுடாவில் கம்பெனி ஆள் விமான நிலைய வாசலில் பெயரட்டையோடு நிற்பார், ரூம் தயாராக இருக்கும், பத்தாக்கா என்ற வசிப்பு அடையாள அட்டையை எடுத்துத் தரும் வேலையைக் கம்பெனியின் பி.ஆர்.ஓ. பார்த்துக்கொள்வார். இங்கே உங்களுக்காக யாரும் நிற்கமாட்டார்கள். வீடு, முகவரிப் பதிவு, வங்கி, காப்பீடு, வசிப்பு அனுமதி எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை தபாலில் வரும் கடிதங்கள் வழியாகவே நடக்கும். இதைப் புறப்படும் முன்பே மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு முதல் மாதம் அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் எடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், இங்கு வந்து சேரும் கிழமையையும் நேரத்தையும் பாருங்கள். மாணவர் விடுதிகளில் சாவி தருபவர் வார நாட்களில், அதுவும் குறித்த சில மணி நேரத்தில் மட்டுமே இருப்பார். சனிக்கிழமை இரவில் வந்து இறங்கினால் சாவியும் கிடைக்காது, மறுநாள் சாப்பாட்டுக்கு வழியும் இருக்காது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்குகள் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. குளிர்காலக் கல்விப் பருவத்துக்கு வருபவர்கள் அக்டோபர் 3 நாடு முழுவதற்கும் விடுமுறை என்பதையும் கவனியுங்கள். 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள் அது. செவ்வாய் அல்லது புதன் காலையில் வந்து இறங்குவதுதான் நல்லது.

பெட்டியில் என்ன கொண்டுவரலாம் என்பதில் நம் வீடுகளில் ஏற்படும் குழப்பம் பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆகவே நெய், பால்கோவா, வறுத்த கோழி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்கு அந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, உலர்ந்த மீனும் அதில் அடங்கும் என்பதால் நெத்திலிக் கருவாட்டை நன்றாகக் கட்டிக் கொண்டுவரலாம். மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி ஆகியவற்றுக்கு வேண்டியதில்லை. கொப்பரையை மட்டும் நம் விமான நிலையத்திலேயே எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வற்றலும் தாராளமாக வரலாம். முந்திரிக்கொத்து பல நாள் கெடாமல் இருக்கும் என்பதோடு, பக்கத்து அறையில் இருப்பவரிடம் முதல் பேச்சைத் தொடங்கவும் உதவும். இந்தியாவிலும் இங்கும் மின்னழுத்தம் ஒன்றுதான். ஆனால் மூன்று முனைப் பிளக் இங்கே நுழையாது, அடாப்டர் தேவை. அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது என்பதால், விடுதியில் எந்த வகை அடுப்பு என்று கேட்டபின் வாங்குங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அந்த ஊரின் குடிமக்கள் அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். இதற்கு ‘ஆன்மெல்டுங்’ என்று பெயர். இங்கே இருக்கும் நம்மவர்கள் தமிழில் பேசும்போதும் இந்தச் சொல்லையே பயன்படுத்துவதால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம் ஆகியவற்றோடு, இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டு உரிமையாளரோ விடுதியோ கையெழுத்திட்ட சான்றும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு முடிந்ததும் தரும் ஒற்றைத் தாள்தான் இங்கே உங்கள் வாழ்க்கையின் அஸ்திவாரம். வசிப்பு அனுமதிக்கு அதைத்தான் கேட்பார்கள். பல வங்கிகளும் அதைப் பார்த்தபிறகே கணக்குத் திறக்கின்றன. பதினோரு இலக்க வரி எண்ணும் அந்த முகவரிக்கே சில வாரங்களில் தபாலில் வரும். பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்குள் முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம். பதற வேண்டாம், கிடைக்கும் மிக அருகிலுள்ள தேதியை இணையத்தில் பதிவுசெய்து, அந்த உறுதிப்படுத்தலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்தே அந்தத் தேதியைப் பதிவு செய்துவிட்டுப் புறப்படுவது இன்னும் நல்லது.

முகவரிப் பதிவைச் சரியாகச் செய்துவிட்ட பிறகும் நான் ஒரு மாதம் தவித்தேன். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் சாம்பல் நிறத் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றின் மேலும் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்குள் ஒரு காகிதத் துண்டு. வீட்டு எண் எதிலும் கிடையாது, பெயர் மட்டும்தான். நான் என் பெயரை அழகாக எழுதி அதற்குள் செருகிவைத்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பதோ, நம்மில் பலருக்கும் போல, என் தகப்பனாரின் பெயர். வங்கி அட்டை இருந்த உறை என் தகப்பனாரின் பெயருக்கு முன்னால், பெண்களுக்குப் போடும் ‘ஃபிராவ்’ என்ற மரியாதைச் சொல்லைப் போட்டு வந்திருக்கிறது. அந்தப் பெயரில் பெட்டி இல்லை என்பதால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ரகசிய எண் வந்த உறைக்கும் அதே கதி. நாகர்கோவிலில் எங்கள் தெருத் தபால்காரருக்கு மூன்று தலைமுறையைத் தெரியும். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். இங்கே தபால்காரருக்குத் தெரிவது அந்தக் காகிதத் துண்டு மட்டுமே. ஆகவே வந்த அன்றைக்கே, பெட்டியைத் திறந்து துணிகளை எடுக்கும் முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும், குடும்பப் பெயர் முதலில் வருமாறு, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். எல்லாப் படிவங்களிலும் அதே எழுத்துகள், அதே வரிசை. இனிஷியலைச் சுருக்குவதும் விரிப்பதும் வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கர் என்றோ இங்குள்ள எவாஞ்சலிக்க (புராட்டஸ்டன்ட்) திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ அதில் எழுதினால், பின்னாளில் சம்பாதித்து வருமான வரி கட்டத் தொடங்கும்போது, அந்த வரித் தொகையில் 8 அல்லது 9 விழுக்காடு திருச்சபை வரியாகவும் பிடிக்கப்படும். உண்மைக்கு மாறாக எழுதச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தின் பொருள் தெரிந்து எழுத வேண்டும் என்பதே என் கருத்து.

பணத்தைப் பற்றி உங்கள் வீட்டார் ஏற்கெனவே நிறையக் கவலைப்பட்டிருப்பார்கள். விசாவுக்காக பிளாக்ட் அக்கவுண்ட் என்ற முடக்கப்பட்ட கணக்கில் போட்ட 11,904 யூரோ மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும், அதுவும் இங்கே நடப்புக் கணக்குத் திறந்த பிறகு. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால், முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதிய தொகை அட்டையிலும் கையிலுமாகத் தனியே இருக்கட்டும். வாடகையில் ‘கால்ட்’ என்பது வெறும் வாடகை. ‘வார்ம்’ என்பது வெப்பமூட்டலும் தண்ணீரும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பல வீடுகளில் அதற்கும் வெளியே. முன்பணம் மூன்று மாதக் கால்ட் வாடகையைத் தாண்டக் கூடாது, அதை மூன்று தவணையாகக் கொடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். ரூம் தயார் என்ற ஏஜென்சியின் வாய்ச்சொல்லை நம்பி வந்த என் தோழி, அந்த முகவரியில் அப்படி ஓர் அறையே இல்லை என்று தெரிந்து, இரண்டு வாரம் எங்கள் அறையில் தரையில் படுத்திருந்தாள். அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தை ஈடுவைத்துக் கொடுத்த பணம் அது. நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

முகவரிப் பதிவு முடிந்த சில வாரங்களில், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடிக் கடிதம் என்று பலர் கிழித்துப் போடுகிறார்கள். அது உண்மையானது, வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்பதால், கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைத் தெரிவித்தால் போதும். பொதுவாக, ஜெர்மன் மொழியில் வரும் எந்தக் கடிதத்தையும் புரியவில்லை என்று ஓரமாகப் போட்டுவைக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். விசா எப்போது முடிகிறது என்பதையும் நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன்பே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. 30 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு அரசுமுறைக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. அவசர மருத்துவத்துக்கும் தீயணைப்புக்கும் 112, காவல்துறைக்கு 110. மருத்துவர்கள் இல்லாத நேரத்தில் காய்ச்சல் போன்றவற்றுக்கு 116117.

பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவது பாடத்தில் அல்ல, நடைமுறையில். கால அட்டவணையில் 10 மணி என்று போட்டு அருகே ‘சி.டி.’ என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், ‘எஸ்.டி.’ என்றால் சரியாக 10க்கு. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், அது பாராட்டு. மதிப்பெண் 1.0 என்பது மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. எல்லாவற்றிலும் பெரியது, தேர்வுக்குத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது. கட்டணம் கட்டிவிட்டோம், வகுப்புக்குப் போகிறோம், ஹால் டிக்கெட் தானாக வரும் என்று காத்திருந்தால் அந்தப் பருவத் தேர்வே போய்விடும். ஒரே தேர்வில் பொதுவாக மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பைத் தொடர முடியாத நிலையும் வரும் என்பதால், உங்கள் துறையின் தேர்வு விதிகளை முதல் வாரத்திலேயே படியுங்கள். பேராசிரியரிடம் சந்தேகம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ‘சார்’ என்ற அழைப்பு இங்கே இல்லை. குடும்பப் பெயரோடு, ஆண் என்றால் ‘ஹெர்’, பெண் என்றால் ‘ஃபிராவ்’ சேர்த்து அழைத்துக் கேளுங்கள். கேட்காமல் இருப்பவரை அடக்கமானவர் என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றே எண்ணுகிறார்கள்.

வேலைக்கு அவசரப்பட வேண்டாம். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்க மாணவர் விசாவில் அனுமதி உண்டு. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. சுயதொழிலாகச் செய்யும் வேலைகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பொதுச் சமையலறையில் கருவாடு வறுக்கும் முன் ஜன்னலைத் திறந்து, கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூரையில் புகை அறியும் கருவி இருக்கும், தாளிப்புப் புகைக்கும் அது அலறும். இரவு 10 முதல் காலை 6 வரை மிக்ஸியும் சத்தமான பேச்சும் கூடாது. ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் ஈழத்தமிழர் கடைகளைத் தேடிச் செல்லுங்கள். 1980கள் முதல் போரின் காரணமாக இங்கே வந்து குடியேறிய அவர்கள் பல நகரங்களில் கடை வைத்திருக்கிறார்கள். 2002இல் ஹம் நகரில் எழுந்த காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் உழைப்பால் ஆனதே. அந்தக் கடைகளில் மரச்சீனி என்று கேட்டால் புரியாமல் போகலாம்; மரவள்ளிக் கிழங்கு என்று கேளுங்கள். முதன்முறை நான் சென்றபோது கடைக்கார அக்கா கிழங்கை முறித்து உள்ளே வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துத் தந்ததோடு, ‘எப்ப வந்தனீங்கள் பிள்ளை, சாப்பிட்டீங்களோ?’ என்றும் கேட்டார். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது.

நவம்பரிலிருந்து வெளிச்சம் குறையும். டிசம்பரில் காலை 8 மணிக்கு மேல் விடிந்து மாலை 4 மணியளவில் இருட்டிவிடும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு பகல் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடலையும் மனத்தையும் வாட்டும். ஆகவே வெயில் அடிக்கும் நேரத்தில் எதை விட்டாவது வெளியே நடங்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். அதுவரை ஊருக்கும் இங்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதன்பின் நான்கரை. நாகர்கோவிலில் இரவு 9 மணிக்கு ‘மக்களே, சாப்பிட்டியா?’ என்று கேட்க அம்மா கூப்பிடும்போது, நீங்கள் 5.30க்கு அறையில் இருந்தது போய் 4.30க்கு வகுப்பில் இருப்பீர்கள். எடுக்கவில்லையே என்று அவர் இரவெல்லாம் விழித்திருக்காதபடி, இந்த மாற்றத்தை முந்தைய வாரமே சொல்லிவையுங்கள்.