இ.பி. லேப் திரையில் கதீட்டர் சிக்னலைத் தெளிவாகக் கொண்டுவருவது எப்படி

சென்னையில் கார்டியாக் டெக்னாலஜி முடித்து, ஆஞ்சியோ நடக்கும் கேத் லேபில் கை பழகியவர்கள் இ.பி. ஸ்டடிக்கு (இதயத்தின் மின்னோட்டத்தை உள்ளிருந்து ஆராயும் சோதனை) மாறும்போது முதலில் திணறுவது அந்தத் திரையில்தான். வார்டு ஈ.சி.ஜி. நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். இங்கே வழக்கமான வேகம் 100, மேப்பிங்கின்போது (சிக்னல் கிளம்பும் இடத்தைத் தேடும்போது) 200. அளவெடுக்கும்போது 100-க்குக் கீழே இறங்காதீர்கள். 10 மில்லி செகண்ட் வித்தியாசத்தில் முடிவே மாறிவிடும்.

முதலில் சானல்களை அடுக்கும் வரிசை. மேலே உடல்மேல் லீட்கள் சில: ஒன்று, ஏவிஎஃப், வி1, வி6 போதும். அதன் கீழே வலது ஏட்ரியம், பிறகு ஹிஸ் எனும் மின்கடத்தும் கற்றை (ப்ராக்ஸிமல் என்ற அடிப்பக்கத்திலிருந்து டிஸ்டல் என்ற நுனிவரை), பிறகு இதயத்தின் பின்புறச் சிரையான கொரோனரி சைனஸ் 9-10 முதல் 1-2 வரை (எலக்ட்ரோடு எண்கள்; 1 நுனியில்), கடைசியில் வலது வென்ட்ரிக்கிள். அப்ளேஷன் (கோளாறான திசுவை அழிக்கும்) கதீட்டரை உடல்மேல் லீட்களுக்கு அடுத்து வைப்பது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு. டாக்டரின் கண் அங்கேதான் இருக்கும். எந்த வரிசை என்றாலும் லேபுக்கு ஒன்றே இருக்கட்டும். கேஸுக்குக் கேஸ் மாற்றினால் பார்ப்பவர் குழம்புவார்.

பின்களைச் செருகியதும் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு, பலர் தவிர்ப்பது. சைனஸ் ரிதத்தில் கொரோனரி சைனஸின் ஏட்ரியல் சிக்னல் 9-10-ல் முதலில் வந்து 1-2-ஐ நோக்கிப் போகவேண்டும். தலைகீழாக வந்தால் நோயைத் தேடுவதற்கு முன் ஜங்ஷன் பாக்ஸைப் பாருங்கள். பின்கள் மாறியிருந்தால், செப்டத்தை (இதயத்தின் நடுச்சுவரை) ஒட்டிய கூடுதல் மின்பாதை இடப்பக்க ஓரத்தில் இருப்பதுபோலத் தெரியும். தேவையே இல்லாமல் செப்டத்தைத் துளைத்து இடப்பக்கம் போகவேண்டிவரும்.

ஃபில்டர்: பைபோலார் சிக்னலுக்கு (அடுத்தடுத்த இரண்டு எலக்ட்ரோடுகளுக்கிடையே எடுப்பது) 30 முதல் 500 ஹெர்ட்ஸ். கீழ் எல்லை 30-ல் இருப்பதால் மூச்சோடு ஆடும் பேஸ்லைன் அடங்கும், கூரான சிக்னல் மட்டும் நிற்கும். யூனிபோலாருக்கு (ஒரே எலக்ட்ரோடைத் தொலைவிலுள்ள ரெஃபரன்ஸோடு ஒப்பிடுவது) இதே எண்ணைப் போட்டால் கதை கெட்டது. அங்கே நமக்கு வேண்டியது அலையின் வடிவம். கீழ் எல்லையை 0.05 அளவுக்குத் திறந்துவிடுங்கள். எக்டோபிக் (இடம் மாறிப் பிறக்கும் துடிப்பு) கிளம்பும் இடத்தில் யூனிபோலார் தொடக்கத்திலேயே கீழே இறங்கும், முன்னால் சிறு மேடுகூட இருக்காது. 30-ல் வெட்டினால் அந்த வடிவத்தை நம்பவே முடியாது. இப்படி இறங்குவது அவசியம்தான், ஆனால் அது மட்டுமே போதாது. கிளம்பும் இடத்தைச் சுற்றியும் அதே வடிவம் வரலாம். பைபோலார் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் புகுந்ததும் நாட்ச் ஃபில்டரை (அந்த 50-ஐ மட்டும் வெட்டுவது) அழுத்தக் கை துடிக்கும். அழுத்தாதீர்கள். கூரான சிக்னலுக்குப் பின்னால் அது சிறு அலைகளைத் தானே உண்டாக்கும். துண்டுபட்ட சிக்னல் என்று அதை நம்பி அப்ளேஷன் செய்யும் அபாயம் உண்டு. இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்கவேண்டும்.

எல்லாச் சானலிலும் இருந்தால் வலது கால் எலக்ட்ரோடையும் எர்த்தையும் பாருங்கள். ஒன்றும் மூன்றும் லீட்கள் மோசம், இரண்டாவது சுத்தம் என்றால் குற்றவாளி இடது கை. இரண்டாவது லீடில் இடது கைக்கு வேலையே இல்லை. வி1 முதல் வி6 வரையும் யூனிபோலார்களும் சேர்ந்து கெட்டிருந்தால் அதுவும் கை, இடது கால் எலக்ட்ரோடுகளில் ஒன்றுதான், ஏனென்றால் இவற்றின் பொது ரெஃபரன்ஸான வில்சன் மையப்புள்ளி அந்த மூன்றிலிருந்து பிறப்பது. யூனிபோலாரை இந்தத் தொல்லையிலிருந்து காப்பாற்ற, கீழ்ப் பெருஞ்சிரையில் இருக்கும் ஒரு எலக்ட்ரோடை ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்ளலாம். ஒரே கதீட்டரில் மட்டும் என்றால் கேபிளை மாற்றுங்கள். 1-2 மோசம், 3-4 நன்று என்றால் 2-3 ஜோடியைத் திரையில் போடுங்கள்: அது சுத்தமாக இருந்தால் பழுது 1-ல், அதுவும் கெட்டிருந்தால் 2-ல்.

சென்னை வெயிலில் வேர்த்து வரும் நோயாளியின் தோலில் ஸ்டிக்கர் சரியாக ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, முடியை மழித்துவிட்டு ஒட்டுங்கள். டிரேப் போட்டபின் உள்ளே கைவிட முடியாது. ஷீத்தை ஃப்ளஷ் செய்யும்போது சலைன் கனெக்டர்மேல் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹிஸ் சானலில் கெயினைக் கூட்டி நிதானமாகப் பாருங்கள். பெரிய ஏட்ரியல் சிக்னல், இடைவெளி, ஊசிபோல் ஒரு சின்ன ஸ்பைக், பிறகு வென்ட்ரிக்கிள். அந்த ஸ்பைக்கின் தொடக்கத்திலிருந்து, எந்த லீடில் வென்ட்ரிக்கிள் முதலில் கிளம்புகிறதோ அந்தத் தொடக்கம்வரை காலிப்பர் வையுங்கள். ஹிஸ் சானலுக்குள்ளேயே இரண்டையும் அளந்தால் ஹெச்வி (ஹிஸ்ஸிலிருந்து வென்ட்ரிக்கிள்வரையான இந்த நேரம்) தவறாக நீளும். இயல்பு 35 முதல் 55 மில்லி செகண்ட். 30-க்குக் கீழே வந்து, ஏட்ரியல் சிக்னலும் தெரியவில்லை என்றால் கதீட்டர் முன்னே போய் வலது பண்டிலில் (ஹிஸ்ஸின் வலக் கிளையில்) நிற்கிறது. சற்றே பின்னுக்கு இழுக்கவேண்டும். கெயினை அதிகம் ஏற்றினால் சிக்னலின் தலை வெட்டப்படும், உயரத்தை ஒப்பிட முடியாது.

முப்பரிமாண மேப்பில் ரெஃபரன்ஸ் (மற்றப் புள்ளிகளின் நேரத்தை ஒப்பிடும் சிக்னல்) அசையக்கூடாது. ஏட்ரியல் கேஸுக்குக் கொரோனரி சைனஸின் நல்ல உயரமான ஒரு ஜோடி போதும். அந்தக் கதீட்டர் நகர்ந்தால் அதுவரை எடுத்த புள்ளிகளின் நேரம் எல்லாம் கெடும். சுற்றிச்சுழலும் டாக்கிகார்டியாவுக்கு (வேகத் துடிப்புக்கு) விண்டோ, அதாவது சிக்னலின் நேரத்தைக் குறிக்கும் எல்லை, அதன் சுழற்சி நேரத்தில் 90 முதல் 95 சதவீதம். 250 மில்லி செகண்ட் ஃப்ளட்டர் என்றால் 230 வைக்கலாம். சுழற்சியைத் தாண்டினால் ஒரே விண்டோவில் இரண்டு துடிப்பு விழும், வண்ணங்கள் பொய் சொல்லும்.

வென்ட்ரிக்கிளில் பைபோலார் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் நல்ல தசை, 0.5-க்குக் கீழ் அடர்ந்த தழும்பு. ஆனால் நுனி சரியாகத் தொடாவிட்டாலும், அலை இரண்டு எலக்ட்ரோடுகளுக்கும் குறுக்காகக் கடந்தாலும் எண் குறையும். ஓரிடத்தைத் தழும்பு என்று முடிவுகட்டும் முன் கதீட்டரைத் திருப்பி இன்னொரு புள்ளி எடுங்கள்.

இடது நுரையீரல் சிரைகளில் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கும்: பக்கத்திலிருக்கும் இடது ஏட்ரியல் அப்பெண்டேஜின் (ஏட்ரியத்தோடு ஒட்டிய சிறு பையின்) சிக்னல் அங்கேயும் கேட்கும். கொரோனரி சைனஸ் 1-2-லிருந்து பேஸிங் செய்தால் அப்பெண்டேஜ் முன்னே போய், சிரையின் கூரான சிக்னல் தனியாகப் பிரியும். அப்படிப் பிரியும் பின்சிக்னல் மறையும்வரைதான் அங்கே அப்ளேஷன்.